அகரா மடித்த புத்தகம்

அயோக்காவைப் பொறுத்தவரை கெட்டி அட்டை போட்டதுதான் புத்தகம். மற்றதெல்லாம் புத்தகமாக ஆசைப்பட்ட காகிதம். இதை அவள் ஒளித்து மறைத்துச் சொல்கிறவள் இல்லை. இபாடானில், ஓக்கே-அடோ தெருமுனையில், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடி, காலை ஆறு மணிக்கே கூழும், அகரா என்கிற காராமணி வடையும் வாங்க வந்து நிற்கிறவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்வாள். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் புருஷனைப் பார்ப்பாள். அந்தப் பேச்சே அவருக்காகத்தான்.

லாசுனுக்கு மெல்லட்டைதான் உயிர். அவர் இருபத்திரண்டு வருஷம் அச்சகத்தில் தாள் மடித்தவர். கண்ணில் அழுத்தம் ஏறி ஏறி, ஐம்பது வயதில் பார்வை மொத்தமாகப் போயிற்று. இப்போது அறுபத்தாறு. காலையில் பெண்டாட்டி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பொட்டலம் மடிக்கத் தாள் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை.

"கெட்டி அட்டைன்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்கு," என்று ஆரம்பிப்பாள் அயோக்கா. "திறந்து வச்சா திறந்த இடத்துல கிடக்குது. நான் ஒரு கையால மாவு அடிக்கிறேன், ஒரு கையால கரண்டி போடுறேன், அது பாட்டுக்கு வாயைத் திறந்துக்கிட்டு படுத்திருக்கு. உங்க மெல்லட்டை இருக்கே, கையை எடுத்தா பட்டுனு மூடிக்குது. கோவிச்சுக்கிட்ட மருமக மாதிரி."

"உன் கெட்டி அட்டையைப் படுத்துக்கிட்டு படிச்சுப் பாரு. கண்ணு சொக்கி கை நழுவுச்சுன்னா மூக்கு போயிடும்."

"பார்வை இல்லாத மனுஷனுக்குப் படுத்துக்கிட்டு படிக்கிற கவலையைப் பாரு!"

"படிக்காட்டி என்ன? கட்டிப்பிடிச்சுக்கிட்டு படுக்கலாம்ல. உன்னை மாதிரி குத்தாது."

நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அயோக்கா கரண்டியை ஓங்குவாள். முப்பத்தெட்டு வருஷமாக இதே சண்டை, இதே கரண்டி.

உண்மையில் இருவருக்குமே பைத்தியம்தான். ஆளுக்கொரு விதமாக முற்றியிருந்தது, அவ்வளவுதான். லாசுன் ஒரு மெல்லட்டைப் புத்தகம் கையில் கிடைத்ததும் கன்னத்தருகே பிடித்துக் கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று ஓட விடுவார். அந்தக் காற்று முகத்தில் பட்டால் போதும், மனுஷன் கண்ணை மூடிக்கொள்வார். மூடினால் என்ன, மூடாவிட்டால் என்ன என்று அயோக்கா கேலி செய்வாள். முதுகுப் பசையின் வாசம், எத்தனையோ பேர் பையில் மடங்கிக் கிடந்து பஞ்சாகிவிட்ட மூலைகள், இரண்டாக வளைத்தாலும் வளைந்து கொடுக்கிற உடம்பு, எல்லாம் அவருக்கு வேண்டும். வடக்கிலிருந்து வறட்டுக் காற்று வீசுகிற மாதங்களில் பசை வெடித்து மெல்லட்டைகள் தாள் தாளாய் உதிரும். அப்போது மட்டும் அயோக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும், தேர்தலில் ஜெயித்தவள் போல இருப்பாள்.

அவளுக்கோ துணி ஒட்டிய அட்டையின் சொரசொரப்பு. விரல் வைத்தால் பள்ளமாகத் தட்டுப்படுகிற தங்க எழுத்து. உள்ளங்கையில் வந்து உட்காருகிற உருண்டை முதுகு. நடுவில் பிரித்து மூக்கை நுழைத்தால் ஒரு வாசம் வருமே, எண்ணெய்ப் புகைக்கு நடுவிலும் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவள். ஒருவர் தலைக்குள் இருந்த ஒரு முழு ஊரை இப்படித் தைத்து அட்டை போட்டுத் தன் மடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் புல்லரிக்கும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இப்படிக் கொண்டாடுகிறவள் புத்தகத்தைப் பிரித்து அகரா மடிப்பாளா என்று கேட்காதீர்கள். கேட்டவர்கள் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனதுதான் மிச்சம். ஊரில் அகரா சுடுகிற எல்லாரும் பழைய தாளில்தான் மடிக்கிறார்கள். பழைய காகிதக் கடையில் அவள் பொறுக்கி எடுப்பது எப்படியும் மட்கப் போகிற புத்தகம். அதிலும் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு: படிக்காத தாளை மடிக்கக் கூடாது.

கெட்டி அட்டைப் புத்தகங்களை நூல் போட்டுத் தைத்திருப்பார்கள். பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்புக்கு ஃபாரம் என்று பெயர். நூலை அறுத்தால் ஃபாரம் ஃபாரமாகக் கழன்று வரும். தினமும் மத்தியானம், சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அயோக்கா ஒரு ஃபாரத்தை லாசுனுக்கு வாசிப்பாள். மறுநாள் காலை அந்த ஃபாரம் எட்டுத் தாளாகப் பிரிந்து முதல் எட்டு வாடிக்கைக்காரர்களுக்குப் போகும். ஒன்பதாவது ஆளிலிருந்து செய்தித்தாள். அட்டைகள் அடுப்பு விசிறப் போகும்.

அந்த ஜூலையில் வந்த புத்தகம் யொரூபா மொழியில் ஒரு நாவல். தலைப்பைக் கறையான் தின்றிருந்தது. முதல் தாளும் இல்லை. மொரேனிக்கே என்று ஒருத்தி, லாகோஸ் துறைமுகத்தில் சுட்ட கிழங்கு விற்கிறவள். அவள் புருஷன் அடிகுன் கப்பலில் சமையல்காரனாகப் போனவன், திரும்பவில்லை. வருகிற கப்பலையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், வருஷக்கணக்காக. இவ்வளவுதான் கதை. ஆனால் அயோக்கா வாசிக்க வாசிக்க, லாசுன் மூச்சு விடுவதே கேட்காது.

அவருக்குக் குடலிறக்கம். நாளாக நாளாக வீக்கம் கூடி நடக்க முடியாமல் போனது. இனித் தள்ளிப்போட்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி, வியாழக்கிழமை காலை ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். லாசுனின் அண்ணன் இதே மாதிரி ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுத்தவர் எழுந்து வரவில்லை. அதை அவர் வாயால் சொல்ல மாட்டார். வேறொன்று சொன்னார்.

"வியாழனுக்குள்ள படிச்சு முடிச்சுடு. அடிகுன் வந்தானா இல்லையான்னு தெரியாம நான் அந்த மேஜையில ஏற மாட்டேன்."

"சின்னப் பிள்ளையா நீங்க?"

"ஆமா. ஏற மாட்டேன்."

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் மாட்டேன் என்று சொன்னது மூன்று முறைதான். மூன்று முறையும் அவரை அசைக்க முடிந்ததில்லை. அயோக்கா நாளை எண்ணினாள். திங்கட்கிழமை மத்தியானம் கடைசி ஃபாரம். சரியாக வந்தது. அவளுக்கு நிம்மதி.

திங்கட்கிழமை மத்தியானம், ஃபாரங்கள் பறக்காமல் மேலே வைக்கிற கல்லைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் இருந்தது நேற்று படித்து முடித்த ஃபாரம். கடைசி ஃபாரத்தைக் காணவில்லை.

ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. காலையில் லாசுன் மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டார். எண்ணெய் கொதிக்கிற அவசரத்தில் அவளும் பார்க்கவில்லை. கதையின் முடிவு எட்டுப் பொட்டலமாகத் தெருவுக்குள் போய்விட்டது.

"கையிலதான் எனக்குக் கண்ணுன்னு ஊரெல்லாம் பீத்திக்குவீங்களே!" என்று கத்தினாள். "எங்க போச்சு அந்தக் கண்ணு? அடுப்புல போட்டீங்களா?"

லாசுன் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "கைக்கும் பயம் வந்துடுச்சு, லேக்கன் அம்மா," என்றார்.

லேக்கன் அவர்கள் மகன், கானோவில் வேலையாக இருந்தான். கோபம் வந்தாலும் குழைந்தாலும் அவர் அவளை மகன் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். அயோக்காவுக்குத் திட்டுவதற்கு வாயில் வைத்திருந்ததெல்லாம் அப்படியே நின்றுவிட்டது.

"சரி, போனா போகுது," என்றாள். "வேற புத்தகம் படிக்கிறேன்."

"படி. ஆனா நான் ஆஸ்பத்திரிக்கு வரல."

அயோக்கா தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். முதலில் தையல்காரி ரெமியின் கடை. ஏனென்றால் ரெமிதான் தினமும் முதல் ஆள். மழையோ வெயிலோ, முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்து நிற்பாள். சூடாகத் தின்ன ஆசை போலிருக்கிறது என்று அயோக்கா நினைத்திருந்தாள்.

கடைக்குள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தையல் ஓடவில்லை. பள்ளிக்கூடத்து ஒயேடிரான் வாத்தியார் கால்மேல் கால் போட்டு இருந்தார். எல்லார் கையிலும் எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாள். அயோக்காவைக் கண்டதும் திருடு பிடிபட்டவர்கள் போல எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்று ரெமி முழங்காலில் இறங்கினாள்.

"எதுக்குடி கோவிக்கணும்? என்ன நடக்குது இங்க?"

ரெமி சுவரைக் காட்டினாள். அங்கே ஓர் ஆணி. ஆணியில் குத்தி, மேலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தொங்கியது தாள். அயோக்கா கிட்டே போய்ப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் படித்த வேட்டைக்காரன் கதை. போன மழைக்காலத்து ராணி கதை. பக்க எண் பார்த்து வரிசையாகக் குத்தியிருந்தார்கள். எண்ணெய் ஊறி, வெங்காய வாசத்தோடு, ஒன்றுவிடாமல் அத்தனையும்.

"நீங்க நேத்துப் படிச்சதை நாங்க இன்னைக்குப் படிக்கிறோம்," என்றார் வாத்தியார். "எட்டுத் தாளும் சேரணும்ல, அதான் காலையிலயே வரிசையில நிக்கிறோம். பக்கத்துத் தெருக்காரி சிமெண்ட் மூட்டையில மடிக்கிறா. அதுல படிக்க என்ன இருக்கு?"

"அப்ப என் அகரா?"

"நல்லாத்தான் இருக்கும்மா," என்றார் வாத்தியார் அவசரமாக.

அயோக்கா அங்கிருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவளும் லாசுனும் மத்தியான வெயிலில் யாருக்கும் தெரியாமல் இரண்டு பேராகப் படித்துக்கொண்டிருந்ததாக இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். ஒரு தெருவே பின்னால் வந்துகொண்டிருந்திருக்கிறது. கையில் அகராவை வைத்து ஊதிக்கொண்டே நடந்து போனவர்களெல்லாம் தாளைக் கசங்காமல் பிடித்துப் போயிருக்கிறார்கள். கடவுளே, கடவுளே என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

"இன்னைக்குத்தான் பக்கம் தாவுது," என்றாள் ரெமி. "முடிவு முன்னாடியே வந்துடுச்சு போல. அதான் படிக்காம வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். வாத்தியார் மட்டும் திருட்டுத்தனமா எட்டிப் பார்த்தாரு, கையில ஒண்ணு போட்டேன்."

"ஏழுதானே இருக்கு. எட்டாவது?"

"அது எங்க ஆள் இல்லக்கா. மெக்கானிக் முஃபு இன்னைக்கு வரிசையில முன்னாடி நுழைஞ்சுட்டான். ஓயோவில லாரி பழுதாம், சீக்கிரம் போகணும்னான். தாளைக் கேட்டா, பொட்டலத்தோட லாரிக்குள்ள ஏறிட்டான்."

அவன் கொண்டுபோனதுதான் கதையின் கடைசித் தாள். இல்லாவிட்டால் அது கதையா?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லாசுனைக் கைத்தாங்கலாக ரெமியின் கடைக்கு அழைத்து வந்தார்கள். தெருக்காரர்கள் முதலில் தாங்கள் தவறவிட்ட ஃபாரத்தை அயோக்காவிடம் வாங்கிப் படித்து முடித்தார்கள். பிறகு ஏழு பேரும் தங்கள் தங்கள் தாளை முறைவைத்து வாசித்தார்கள். லாசுன் ஒவ்வொரு குரலுக்கும் முகத்தைத் திருப்பினார். தான் எடுத்துக் கொடுத்த தாளில் தினமும் பொட்டலம் வாங்கிப் போனவர்களின் குரல்கள் அவை. ரெமி அழுத்தி வாசித்தாள். வாத்தியார் வகுப்பெடுப்பது போல வாசித்தார். ஏழாவது தாளில் ஒரு கப்பல் வந்து நங்கூரம் போட்டது. ஏணிப்படியை இறக்கினார்கள். மொரேனிக்கே கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அத்தோடு தாள் முடிந்தது.

"அப்புறம்?" என்றார் லாசுன்.

ரெமி ஏழாவது தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு முஃபு வந்துடுவான்," என்றாள் அயோக்கா.

புதன்கிழமை உச்சிவேளையில் முஃபு வந்து சேர்ந்தான். அவனுக்கு எழுத்து தெரியாது. ஏழு பேர் சூழ்ந்துகொண்டு ஒரு தாளைக் கேட்கவும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் ஒண்ணும் திருடலையே! அகராவுக்குக் காசு குடுத்தேனே லேக்கன் அம்மா!"

"காசை யாருடா கேட்டா? தாளைக் குடு!"

அவன் கருவிப் பெட்டிக்குள்ளிருந்து ஸ்பார்க் பிளக் சுற்றியிருந்த ஒரு கறுத்த பந்தை எடுத்துக் கொடுத்தான். அகரா எண்ணெயும் லாரி எண்ணெயும் ஊறிக் கண்ணாடியாகியிருந்தது. அதில் எழுத்து இருந்த சுவடே தெரியவில்லை. ரெமி அழுதேவிட்டாள். அயோக்கா அழவில்லை. எண்ணெய் அவள் வீட்டுப் பிள்ளை, அதை எப்படி அதட்டுவதென்று அவளுக்குத் தெரியும். தாளை விரித்து, மரவள்ளி மாவை இருபக்கமும் தடவி, துணிக்கு நடுவில் வைத்து, ரெமியின் கரி இஸ்திரிப்பெட்டியை ஒத்தி ஒத்தி எடுத்தாள். மாவு எண்ணெயைக் குடித்தது. தட்டிவிட்டு மறுபடி மாவு, மறுபடி சூடு. நான்காவது தடவை எழுத்து எழுந்து வந்தது.

அவள் மட்டும் குனிந்து படித்தாள். ஏழு வரி.

கப்பலில் அடிகுன் இல்லை. அவனோடு வேலை பார்த்த ஒருவன் இறங்கி வந்து ஒரு தொப்பியைக் கொடுத்தான். மொரேனிக்கே அதை வாங்கி, உதறி, கூடைக்குள் வைத்தாள். விற்காத கிழங்கு பதினொன்று மீதி இருந்தது. கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"என்னக்கா? வந்தானா?" என்று ரெமி தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அவர் கேட்ட பிறகுதான் உங்களுக்கு," என்றாள் அயோக்கா. தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். எழுதினவனை நேரில் கண்டால் கரண்டியாலேயே ஒரு போடு போட்டிருப்பாள். போட்டுவிட்டுக் காலிலும் விழுந்திருப்பாள். ஏழே வரியில் ஒருத்தி வாழ்க்கையைத் தலையில் ஏற்றி நடக்கவிட்டுவிட்டானே பாவி!

மேஜையில் ஏறுவதற்கு முன்னால் படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் லாசுனைக் கிளப்பினாள். வியாழன் காலை, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சு. லாசுனுக்குப் பச்சை அங்கி மாட்டிவிட்டிருந்தார்கள். அவர் கைகளைத் தொடைமேல் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"படி."

அயோக்கா தாளை விரித்தாள். ஏழு வரியையும் பார்த்தாள். அந்த முகத்தையும் பார்த்தாள். பிறகு வாசிக்க ஆரம்பித்தாள்.

"எல்லாரும் இறங்கிப் போன பிறகு ஒரு கிழவன் இறங்கி வந்தான். தலை பஞ்சாக நரைத்திருந்தது. மொரேனிக்கேவுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவன் நேராக அவளிடம் வந்து, கிழங்கு என்ன விலை என்றான். அவள் சொன்னாள். இவ்வளவா என்று அவன் பேரம் பேசினான்..."

கிழவன் கிழங்கை வாங்கினான். ஊதினான். இடது பக்கம் இரண்டு தடவை, வலது பக்கம் ஒரு தடவை ஊதினான். அப்படி ஊதித் தின்கிறவன் உலகத்திலேயே ஒருத்தன்தான் என்று மொரேனிக்கேவுக்குத் தெரியும். அவள் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல், நாக்கைச் சுட்டுக்காதே என்றாள். அயோக்கா மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போனாள். அவன் போன நாடுகள், கிடந்த காய்ச்சல், எழுதிப் போய்ச் சேராத கடிதங்கள். எங்கிருந்து வருகிறதென்று அவளுக்கே தெரியவில்லை, வந்துகொண்டே இருந்தது. இருவரும் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்ததும் நிறுத்தினாள்.

லாசுன் கையை நீட்டினார். அவள் தாளைக் கொடுத்தாள். அவர் அதை மடியில் வைத்து விரல் நுனியால் மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. அயோக்காவின் நெஞ்சும் நின்றது. அவர் தாளை நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தார். நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"வர்றேன்," என்று எழுந்து, நர்ஸ் தோளைப் பிடித்துக்கொண்டு தானாகவே நடந்து உள்ளே போனார்.

இரண்டு மணி நேரம் என்றார்கள். மூன்றரை ஆயிற்று. ஓக்கே-அடோவிலிருந்து ரெமியும் வாத்தியாரும் முஃபுவும் வந்து பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். யாரும் கதையைக் கேட்கவில்லை. அயோக்கா அந்தத் தாளைத் திறக்கவே இல்லை, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் அவளை வார்டுக்குள் விட்டார்கள். லாசுன் உதடு வறண்டு மல்லாந்து கிடந்தார். காலடிச் சத்தத்திலேயே அவளைத் தெரிந்துகொண்டார்.

"லேக்கன் அம்மா."

"இங்கதான் இருக்கேன்."

"ஈய எழுத்தை அழுத்தி அடிச்ச தாள்ல வரி புடைச்சுக்கிட்டு இருக்கும். நீ இஸ்திரி போட்டும் போகலை. அதுல ஏழு வரிதான் இருக்கு."

அயோக்காவுக்கு முகமெல்லாம் சுட்டது. "தெரிஞ்சுதான் உள்ள போனீங்களா?"

"நீ அந்தக் கிழவனைப் பேரம் பேச விட்டப்பவே தெரியும். ஒரு தாள் அவ்வளவு தாங்காது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அப்ப அந்த ஏழு வரியில அவன் வரல."

அவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். கண்ணீர்தான் வந்தது. அவர் கை துழாவிக்கொண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"வராட்டிப் போறான், விடு. நான் வந்துட்டேன்ல."